ஸ்டீராய்டு ஓடும்போது எடுத்த தைராய்டு ரிப்போர்ட்டை நம்பி மாத்திரை ஆரம்பிக்கலாமா?

வில்லிவாக்கத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்காகக் கேட்கிறேன். வயது 27. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல் புண்ணாகும் நோய் இருக்கிறது. மெசாலமைன் மாத்திரையில் நன்றாகத்தான் இருந்தாள். போன மாதம் திடீரென்று முற்றிவிட்டது. நாளுக்குப் பத்துத் தடவைக்கு மேல் ரத்தத்தோடு மோஷன், காய்ச்சல், சாப்பாடே இறங்கவில்லை. அட்மிட் செய்து ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை 100 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை நரம்பில் போட்டார்கள். நல்லவேளை, மருந்து கேட்டது. இப்போது வீட்டில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 மி.கி. போய்க்கொண்டிருக்கிறது.

ரத்தம் நின்றும் சோர்வு போகவில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. பெரியம்மா சொன்னதால் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் பேக்கேஜ் டெஸ்ட் ஒன்று எடுத்தோம். தைராய்டு வரியில் மூன்றுமே சிவப்பு. டி3 58 (நார்மல் 80–200), டி4 4.8 (நார்மல் 5.1–14.1), டிஎஸ்ஹெச் 0.21 (நார்மல் 0.4–4.2).

பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம். டி3, டி4 குறைவு என்று தைராக்சின் (டி4-ஐயே மாத்திரையாகத் தருவது) 50 எழுதிக் கொடுத்துவிட்டார். அத்தை மகள் நர்ஸ். அவள், டிஎஸ்ஹெச் குறைந்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று அர்த்தம், தைராக்சின் போட்டால் நெஞ்சு படபடப்பு வரும் என்று தடுக்கிறாள். குடல் டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் அப்பாயின்ட்மென்ட். மாத்திரை டப்பா வாங்கி வைத்தாயிற்று. ஆரம்பிக்கலாமா, வேண்டாமா?

மேடவாக்கம்67:

தம்பி, 50 என்பது சின்ன டோஸ்தான். என் மனைவிக்கும் இதே குடல் நோய், ஸ்டீராய்டெல்லாம் எடுத்தவர். இப்போது தினமும் தைராக்சின் போடுகிறார், ஒரு கெடுதலும் இல்லை. டி3, டி4 இரண்டும் குறைந்திருக்கும்போது யோசிப்பானேன்? டாக்டர் எழுதியதைக் கொடுங்கள்.

தாம்பரம்_லேப்:

நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மருந்து விஷயம் டாக்டர்கள் சொல்லட்டும், எனக்குத் தெரிந்தவை சில.

தங்கை முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா? ஸ்டீராய்டு எடுக்கும் பெண்களில் நிறையப் பேர் முடி கொட்டுகிறது என்று கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். தைராய்டு டெஸ்ட் செய்யும் இயந்திரங்களில் பல, பயோட்டினை வைத்தே வேலை செய்பவை. ரத்தத்தில் பயோட்டின் அதிகம் இருந்தால் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைந்தும், டி3 டி4 பொய்யாகக் கூடியும் வரும். உங்கள் ரிப்போர்ட்டில் டி3 குறைந்திருக்கிறது, அதற்குப் பயோட்டின் காரணமாக இருக்க முடியாது. டிஎஸ்ஹெச் மட்டும் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டியிருக்கலாம். அடுத்த டெஸ்டுக்கு முன் குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் இருந்தபோது ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போட்டிருப்பார்கள், ஹெப்பாரின் வகை. அது ஓடும்போது எடுத்தால் ஃப்ரீ டி4 (புரதத்தோடு ஒட்டாமல் தனியாக ஓடும் டி4) பொய்யாக ஏறும். பிறகு வயிற்றை சிடி ஸ்கேன் எடுத்தார்களா? கையில் ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேன் என்றால் அந்த மருந்தில் அயோடின் ஏராளம், அதுவும் சில வாரங்களுக்குத் தைராய்டைக் குழப்பக்கூடியது.

எங்கள் படிவத்தில் 'தற்போது எடுக்கும் மருந்துகள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பத்துப் பேரில் ஒருவர்கூட நிரப்புவதில்லை. ரத்தம் எடுக்க வரும் பையனும் கேட்பதில்லை. ஸ்டீராய்டு என்ற ஒரு சொல் அதில் இருந்தால்கூடப் போதும், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் டாக்டர் கீழே குறிப்பு எழுதிவிடுவார். சிவப்பு எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கப் பயந்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

டாக்டர்_கீழ்ப்பாக்கம்:

அகச்சுரப்பி மருத்துவர் நான். நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று சொல்லலாம்.

முதலில், குடல் டாக்டரைப் பார்க்கும்வரை அந்த டப்பாவைத் திறக்க வேண்டாம். ஒரு வாரம் தள்ளிப்போவதால் நஷ்டம் எதுவும் இல்லை. பிரெட்னிசோலோனை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4-ஐத்தான் வெளியே விடுகிறது. உடம்பில் வேலை செய்வது டி3. ரத்தத்தில் ஓடும் டி3-யில் ஏறக்குறைய 80 சதவீதம் சுரப்பிக்கு வெளியே, கல்லீரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் டி4-லிருந்து ஒரு அயோடின் கழன்று உண்டாவது. சுரப்பியே வேலை செய்யாதவர்களுக்கு வெறும் டி4 கொடுத்தாலும் ரத்தத்தில் டி3 வருகிறது என்று 1970-ல் பிரேவர்மன், இங்பர், ஸ்டெர்லிங் மூவரும் காட்டினார்கள். ஸ்டீராய்டு பெரிய அளவில் போகும்போது இந்த மாற்றம் மந்தமாகிவிடும். டி4-இன் ஒரு பகுதி ரிவர்ஸ் டி3 என்ற, கிட்டத்தட்ட வேலையே செய்யாத வடிவத்துக்குத் திரும்பிவிடும். பெரிய டோஸ் ஸ்டீராய்டைக் கொஞ்ச நாள் கொடுத்தாலே டி3 சுமார் 30 சதவீதம் இறங்கலாம், டி4 பெரிதாக மாறாது என்று தைராக்சின் மருந்தின் தகவல் தாளிலேயே அச்சடித்திருக்கிறது.

அப்புறம் டிஎஸ்ஹெச். மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரிதான், தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்ட அதை விடுகிறது; தைராய்டு ஹார்மோன் குறைந்தால் கூட்டும், மிஞ்சினால் குறைக்கும். ஸ்டீராய்டு அந்த இடத்தையும் அதற்கு மேலே உள்ள ஹைப்போதாலமஸையும் அடக்கி வைக்கும். அதனால் டி3 குறைந்தாலும் டிஎஸ்ஹெச் ஏறாது, இறங்கக்கூடச் செய்யும்.

டி4 ஏன் குறைந்தது? இந்தப் பேக்கேஜ்களில் பெரும்பாலும் மொத்த டி4-ஐத்தான் அளக்கிறார்கள். டி4-இல் 99 சதவீதத்துக்கு மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு ஓடுவது. ஸ்டீராய்டு அந்தப் புரத உற்பத்தியைக் குறைக்கும், புண்ணான குடல் வழியாகவும் புரதம் வெளியே போகும். மாநகரப் பேருந்துகளைப் பாதியாகக் குறைத்தால் பஸ்ஸில் இருப்பவர்கள் எண்ணிக்கை குறையும், அதற்காக ஊரில் ஆள் குறைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அதனால் ஃப்ரீ டி4 பார்க்க வேண்டும்.

அத்தை மகள் சொன்னதற்கு: சுரப்பி அதிகம் வேலை செய்தால் டி3, டி4 ஏறியிருக்கும். இங்கே அவையும் இறங்கியிருக்கின்றன. கிளினிக் டாக்டர் நினைத்ததற்கு: சுரப்பி சோர்ந்துபோயிருந்தால் டிஎஸ்ஹெச் ஏறியிருக்கும். இரண்டுக்குமே பொருந்தாத ரிப்போர்ட் இது. ஸ்டீராய்டும் கடுமையான நோயும் சேர்ந்தால் இப்படித்தான் வரும்.

நோயையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காய்ச்சல், அழற்சி, பட்டினி இவை தனியாகவே டி3-ஐக் கீழே இறக்கும். ஸ்டீராய்டு ஆரம்பிப்பதற்கு முன்பே உங்கள் தங்கைக்கு டி3 குறைந்திருந்திருக்கலாம். ஸ்டீராய்டால் குடல் அடங்கி, சாப்பிட ஆரம்பித்ததும் டி3 ஏறவும் வாய்ப்புண்டு. மருந்து ஒரு பக்கம் கீழே இழுக்க, நோய் தணிவது இன்னொரு பக்கம் மேலே தள்ளும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எந்தப் பக்கம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

இந்த மருந்தின் பலம் புரிய வேண்டுமானால் இதைக் கேளுங்கள். தைராய்டு வெறிகொண்டு சுரந்து உயிருக்கு ஆபத்தாகும் நிலை ஒன்று உண்டு, தைராய்டு ஸ்டார்ம் என்போம். அதில் ஹைட்ரோகார்ட்டிசோன் முதலில் 300 மி.கி., பிறகு எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 100 மி.கி. கொடுக்கிறோம். டி4, டி3-யாக மாறுவதை அது தடுக்கும் என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. உங்கள் தங்கைக்குக் குடலுக்காக ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை 100 மி.கி. போயிருக்கிறது. நாளுக்கு 400 மி.கி. தைராய்டு எண்கள் அசையாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஒரு எச்சரிக்கை. பிட்யூட்டரியிலேயே கோளாறு இருந்தாலும் இதே மாதிரி ரிப்போர்ட் வரும். விடாத தலைவலி, பார்வை மங்கல், நோய்க்கு வெகுநாள் முன்பே மாதவிடாய் நின்றுபோனது என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வில்லிவாக்கத்தான்:

ரொம்ப நன்றி டாக்டர். நீங்கள் கேட்ட மாதிரி எதுவும் இல்லை. லேப் மேடம், நீங்கள் சொன்னது சரி, பயோட்டின் 10 மி.கி. மாத்திரை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். சிடியும் எடுத்தார்கள், கையில் ஊசி போட்டுத்தான்.

ஒரு சந்தேகம். காரணம் ஸ்டீராய்டாகவே இருக்கட்டும், டி3 குறைந்திருப்பது நிஜம்தானே? அந்தச் சோர்வு அதனால்தானே வருகிறது? அதை ஏற்றிவிட்டால் எழுந்து நடமாட மாட்டாளா?

டாக்டர்_கீழ்ப்பாக்கம்:

நியாயமான கேள்விதான். மருத்துவர்களும் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் டி4 மிகவும் குறைந்த நோயாளிகளுக்கு தைராக்சின் கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 1986-ல் வந்தது, பிரென்ட், ஹெர்ஷ்மன் இருவரும் செய்தது. சின்ன ஆய்வுதான். ரத்தத்தில் டி4 ஏறியது, ஆனால் பிழைத்தவர்கள் எண்ணிக்கையில் பலன் தெரியவில்லை. நோயின்போது டி3-ஐக் குறைத்துக்கொள்வது உடம்பு தன் சதையையும் சக்தியையும் காப்பாற்றிக்கொள்ளும் வழியாக இருக்கலாம் என்ற கருத்தும் பலருக்கு உண்டு. அதை வலுக்கட்டாயமாக ஏற்றினால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த இதயம் இன்னும் வேகமாக ஓட வேண்டிவரும்.

சோர்வுக்கு வருவோம். மாடிப்படி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது வேறு. ஸ்டீராய்டு தொடைச் சதையையும் இடுப்புச் சதையையும் பலவீனமாக்கும். அவரைத் தரையில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்கள். எழ முடியாமல் தொடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் எவ்வளவு? அல்புமின்? பொட்டாசியம்? இரவில் தூங்குகிறாரா? அதே பேக்கேஜ் ரிப்போர்ட்டில் இவையெல்லாம் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். தைராய்டு என்ற சொல்லைப் பார்த்ததும் மற்ற பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை. இதை நான் தினமும் பார்க்கிறேன், வருத்தமாகவே இருக்கிறது.

முடிக்கும் தனிக் காரணம் உண்டு. கடுமையான காய்ச்சல், பட்டினிக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டும், பிறகு தானே முளைக்கும்.

மேடவாக்கம்67:

டாக்டர் சார், நான் தவறாகச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். என் மனைவிக்கு ஸ்டீராய்டைக் குறைத்து நிறுத்திய பிறகு எடுத்த டெஸ்டில் டிஎஸ்ஹெச் 8-க்கு மேல் வந்தது. அப்போது ஸ்டீராய்டே இல்லை. அதைப் பார்த்துத்தான் மாத்திரை கொடுத்தார்கள். அதுவும் வேண்டாம் என்பீர்களா?

டாக்டர்_கீழ்ப்பாக்கம்:

அண்ணா, உங்கள் மனைவியின் மாத்திரையை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடி இருந்திருக்கலாம், திரும்பத் திரும்ப எடுத்த டெஸ்டிலும் டிஎஸ்ஹெச் கூடுதலாகவே இருந்திருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த தடவை போகும்போது, இது நிரந்தரமாக வேண்டுமா என்று கேளுங்கள், அது போதும்.

நீங்கள் சொன்ன நேரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடுமையான நோயிலிருந்து மீளும்போதும், அடக்கி வைத்த ஸ்டீராய்டு விலகும்போதும் டிஎஸ்ஹெச் கொஞ்ச நாள் நார்மலைத் தாண்டும். நோயிலிருந்து மீளும் கட்டத்தில் 20 வரைகூடப் போய்த் திரும்புவது உண்டு. ஆறு வாரம் கழித்து எடுத்தால் பலருக்கு இறங்கியிருக்கும். டி4 பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதனால் அவசரப்பட்டு அடுத்தடுத்து எடுப்பதில் பயனில்லை. 20-ஐயும் தாண்டினால் அல்லது ஃப்ரீ டி4 குறைந்து அப்படியே நின்றால், அப்போது நிஜமான தைராய்டுக் குறைவை யோசிப்போம்.

எல்லோரும் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது, இந்த இழையில் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர்களின் அட்ரினல் சுரப்பி (உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசோலைச் சுரப்பது) தூங்கிவிடும். மருந்தை நிறுத்தியதும் அது உடனே விழிக்காது. அப்போது வரும் சோர்வு, குமட்டல், எழுந்தால் தலைசுற்றல் எல்லாம் தைராய்டுக் குறைவு போலவே இருக்கும். அட்ரினல் குறைவிலும் டிஎஸ்ஹெச் சற்று ஏறும். அதைத் தைராய்டு என்று நினைத்து தைராக்சின் கொடுத்தால், உடம்பில் மிச்சமிருக்கும் கார்ட்டிசோலும் வேகமாகக் கரைந்துபோகும். ரத்த அழுத்தம் விழுந்து அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியிருக்கும். அதனால் ஸ்டீராய்டை நிறுத்திய பிறகு சோர்வு என்றால் காலை எட்டு மணி கார்ட்டிசோலை முதலில் பாருங்கள், தைராய்டு அதற்குப் பிறகு.

மேடவாக்கம்67:

கார்ட்டிசோல் எங்களுக்கு யாரும் பார்க்கவில்லை. கேட்டுவிடுகிறேன் சார். நன்றி.

க்ரோன்ஸ்_அக்கா:

இதைப் படித்துவிட்டு ஏற்கெனவே தைராய்டு இருப்பவர்கள் யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாதே என்பதற்காக எழுதுகிறேன். எனக்குக் க்ரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் வருவதற்கு முன்பிருந்தே ஆன்டிபாடியோடு தைராய்டுக் குறைவு. சிறுகுடலின் கடைசிப் பகுதியை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். என் மாதிரி ஆட்களுக்குக் கணக்கே வேறு.

தைராக்சின் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. அங்கே புண் இருந்தால், அல்லது குடலே குறைந்தால், போட்ட மாத்திரை முழுதாக ஏறாது. அப்போது டிஎஸ்ஹெச் ஏற வேண்டும். அதே நேரம் ஸ்டீராய்டு போனால் அது டிஎஸ்ஹெச்-ஐ இறக்கும். இரண்டும் சேர்ந்து எண் அழகாக நார்மல் என்று காட்டிவிடும். எனக்கு அப்படி நடந்தது. டிஎஸ்ஹெச் நன்றாக இருந்தும் ஃப்ரீ டி4 குறைந்திருந்ததைப் பார்த்துத்தான் என் டாக்டர் டோஸைக் கூட்டினார். ஸ்டீராய்டு போகும்போது டிஎஸ்ஹெச் மட்டும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

இன்னும் பெரிய தொல்லை மற்ற மாத்திரைகள். ஸ்டீராய்டு என்றால் எலும்புக்குக் கால்சியம் தருவார்கள், ரத்தத்துக்கு இரும்புச் சத்து. இரண்டுமே தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். என்னை மாதிரி குடல் எடுத்தவர்களுக்குப் பித்த நீரால் வயிற்றுப்போக்கு வரும், அதற்குக் கொலஸ்டிரமைன் பவுடர். அதுவும் தைராக்சினை இறுகப் பிடித்துக்கொள்ளும். நான் விடியற்காலை எழுந்ததும் வெறும் தண்ணீரில் தைராக்சின், ஒரு மணி நேரம் கழித்துக் காபி, டிஃபனுக்குப் பிறகு ஸ்டீராய்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பு, ராத்திரி கால்சியம் என்று பிரித்துக்கொண்டேன். காபியைத் தள்ளிவைப்பதுதான் சிரமம், எங்கள் வீட்டில் டிகாக்ஷன் வாசனை வந்துவிட்டால் யாருக்கும் பொறுமை இருக்காது. ஆனால் காபியோடு சேர்த்துப் போட்டால் மாத்திரை சரியாக ஏறாது. காலையில் முடியாதவர்கள் ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டில் மாத்திரையை ஜன்னலோரம் வைக்காதீர்கள். தைராக்சினுக்குச் சூடு ஆகாது.

தாம்பரம்_லேப்:

அக்கா சொன்ன ஃப்ரீ டி4 விஷயத்துக்கு ஒரு வார்த்தை. தைராக்சின் போடுபவர்கள் டெஸ்ட் அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். போட்டதும் சில மணி நேரம் ஃப்ரீ டி4 ஏறியிருக்கும். முடிந்தவரை ஒவ்வொரு முறையும் காலையில் அதே நேரத்தில் கொடுங்கள், டிஎஸ்ஹெச் மத்தியானத்தில் இயல்பாகவே குறையும்.

வில்லிவாக்கத்தான்:

குடல் டாக்டரைப் பார்த்துவிட்டோம். உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முதலில் கேட்டது, ரத்தம் எடுக்கும்போது என்ன மருந்து போய்க்கொண்டிருந்தது என்றுதான். ஃப்ரீ டி4 எடுத்தார், நார்மல். தைராய்டு ஆன்டிபாடியும் இல்லை. தைராக்சின் இப்போது வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதிவிட்டார், பெரியம்மாவிடம் காட்ட அது உதவியாக இருந்தது. ஸ்டீராய்டை வாரம் 5 மி.கி. வீதம் குறைத்து, முடித்து ஆறு வாரம் கழித்துத் தைராய்டு திரும்பப் பார்க்கலாம் என்கிறார்.

ஹீமோகுளோபின் 8.9. அந்தப் பக்கத்தை நாங்கள் யாருமே பார்க்கவில்லை. வாய் வழி இரும்பு புண்ணான குடலுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நரம்பில் ஏற்றினார்கள். தரையிலிருந்து எழுந்திருக்கச் சொல்லிப் பார்த்ததையும் சொன்னேன், தொடையை ஊன்றித்தான் எழுந்தாள். ஸ்டீராய்டு குறையக் குறைய சரியாகும், அதுவரை புரதம் கூட்டிச் சாப்பிடட்டும், தினமும் கொஞ்சம் நடக்கட்டும் என்றார். நிறுத்தும்போது காலைக் கார்ட்டிசோல் பார்க்கலாமா என்று நானே கேட்டேன், கண்டிப்பாக என்றார்.

பெரம்பூர்_அம்மா:

என் மகனுக்குக் க்ரோன்ஸ். அவனுக்கு பியூடெசோனைடு கேப்ஸ்யூல் தருகிறார்கள், அதுவும் ஸ்டீராய்டு என்கிறார்கள். அவனுக்கும் தைராய்டு இப்படி மாறுமா?

டாக்டர்_கீழ்ப்பாக்கம்:

அம்மா, பியூடெசோனைடு குடலிலேயே வேலை செய்துவிட்டு, உள்ளே போவதில் சுமார் 90 சதவீதம் முதல் சுற்றிலேயே கல்லீரலில் அழிந்துவிடும். அதனால் சாதாரண டோஸில் தைராய்டு எண்கள் பெரிதாக அசையாது. ஒன்றில் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். படர்தாமரைக்கு இட்ராகோனசோல் மாத்திரை எழுதுவது நம் ஊரில் சர்வ சாதாரணம், இந்த வியர்வையில் அது எல்லோருக்கும் வருகிறது. பியூடெசோனைடை அழிக்கும் கல்லீரல் நொதியை இட்ராகோனசோல் கட்டிப்போட்டுவிடும். பிறகு அது பிரெட்னிசோலோன் மாதிரியே உடம்பு முழுக்க ஓடும், முகம் வீங்கும், அட்ரினல் அடங்கும். மகனுக்குத் தோல் டாக்டர் எது எழுதினாலும் இந்தக் கேப்ஸ்யூல் அட்டையைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

பெரம்பூர்_அம்மா:

அவனுக்கு இடுப்பில் படர்தாமரை இருக்கிறது டாக்டர். இதுவரை களிம்பு மட்டும்தான் போடுகிறான். நாளைக்குத் தோல் டாக்டரிடம் போகிறோம், அட்டையை எடுத்து இப்போதே பையில் வைத்துவிட்டேன்.